சலமோனே கட்டிய ஊர்கள்: பாம்பாஸ் சமவெளியில் ஒரு கார்ப் பயணம்

அர்ஜென்டினாவுக்குப் போகிறேன் என்றதும் எல்லாரும் இகுவாசு அருவியைச் சொன்னார்கள், தெற்கே இருக்கும் பனியாறுகளைச் சொன்னார்கள். நான் பார்க்க ஆசைப்பட்டது சின்ன ஊர்களின் நகராட்சி அலுவலகங்களை, கல்லறை வாசல்களை, மாடு அறுக்கும் கூடங்களை. நகராட்சிப் பொறியாளர் என்பதால் எனக்குத் தினமும் கைக்கு வருவது இதே மாதிரி வேலைகள்தான். வார்டு அலுவலகம், எரிமேடை, இறைச்சிக்கூடம். இவற்றுக்கு வரைபடம் போடும்போது அழகைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மதிப்பீட்டுத் தொகைக்குள் முடிந்தால் போதும். பிரான்சிஸ்கோ சலமோனே என்ற மனிதர் இதே மூன்று வகைக் கட்டடங்களை வைத்து, 1936க்கும் 1940க்கும் நடுவில், புவனோஸ் அயர்ஸ் மாகாணத்தின் உள்ளூர்களை உருமாற்றியிருக்கிறார் என்று படித்ததிலிருந்து நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அக்கா நாட்டின் தலைநகரான புவனோஸ் அயர்ஸ் நகரில் வேலை பார்க்கிறாள். ஸ்பானிஷ் பேசுவாள், கார் ஓட்டுவாள். லீவு போட்டாள், கிளம்பிவிட்டோம்.

மார்ச் 19, புதன்: அசுல் போகும் வழி

காலை ஏழு மணிக்கு வண்டியை எடுத்தும் நகரத்தை விட்டு வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அப்புறம் மூன்றாம் எண் தேசிய நெடுஞ்சாலை. அசுல் வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கன்யுவேலாஸ் தாண்டியதும் மேடு என்று ஒன்று கண்ணில் படவே இல்லை. சோயா, மக்காச்சோளம், மாடுகள், மறுபடி சோயா. தூரத்தில் மரக்கூட்டம் தெரிந்தால் அங்கே ஒரு பண்ணை வீடு இருக்கிறது என்று அர்த்தம். செங்குத்தாக நிற்கிற எதுவாக இருந்தாலும், அது காற்றாலை பம்ப்போ தானியக் குதிரோ, பத்து கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்துவிடும். சலமோனே ஏன் இவ்வளவு கோபுரம் கட்டினார் என்பதற்குப் பாதிப் பதில் கார் கண்ணாடி வழியாகவே கிடைத்துவிட்டது.

சாலை ஓரத்தில் அங்கங்கே சிவப்புக் கொடிகள் கட்டிய சின்னச் சின்ன மாடங்கள். கௌசிதோ கில் என்ற நாட்டார் புனிதருக்கானவை. லாரி ஓட்டுநர்கள் கடக்கும்போது ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள்.

லாஸ் ஃப்ளோரெஸ் ஊரில் பெட்ரோல் போட்டோம். லிட்டர் 1,200 பேசோவுக்கு மேல். அன்றைக்கு 14, 15 பேசோ ஒரு ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொண்டால் நம் ஊர் விலையை விடக் குறைவாக இருந்தது. சாப்பாடு அப்படி இல்லை. பங்க்கை ஒட்டிய கடையில் இரண்டு காபி, ஆறு மெதியலூனா (பிறை வடிவத்தில், மேலே சர்க்கரைப் பாகு பூசிய பன்) சேர்த்து 9,000 பேசோ. நோட்டாகக் கொடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று கல்லாவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வழி முழுக்க எல்லாக் கடைகளிலும் இதே அறிவிப்பைப் பார்த்தோம்.

சலமோனேயின் கதையை அக்காவுக்கு இந்தச் சாலையில்தான் சொன்னேன். 1897இல் சிசிலித் தீவின் லெயோன்ஃபோர்த்தே என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவும் கட்டடத் தொழிலில் இருந்தவர். இத்தாலியிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் கப்பல் ஏறி அர்ஜென்டினா வந்துகொண்டிருந்த காலம் அது. சின்னப் பிள்ளையாக இவரும் குடும்பத்தோடு வந்து இறங்கினார். புவனோஸ் அயர்ஸின் ஓட்டோ கிராவ்ஸே தொழிற்பள்ளியிலும், பிறகு கோர்தோபா பல்கலைக்கழகத்திலும் படித்தார். கோர்தோபா மாகாணத்தில் பிளாசா அமைப்பது, சாலை போடுவது என்று தொழிலை ஆரம்பித்தார். ஊர் நடுவில் இருக்கும் சதுக்கத்தைத்தான் பிளாசா என்கிறார்கள். 1936இல் மனுவெல் ஃப்ரெஸ்கோ புவனோஸ் அயர்ஸ் மாகாண ஆளுநராக வந்து உள்ளூர்களுக்குப் பெரிய அளவில் கட்டடப் பணிகளை ஒதுக்கியபோது சலமோனேவுக்கு வாழ்க்கையின் பெரிய வாய்ப்பு வந்தது. நான்கே வருடத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட வேலைகள். வரைந்ததும் அவர், பல இடங்களில் கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரரும் அவர்.

"நாலு வருஷத்துல அறுபதா? உங்க ஆபீஸ்ல ஒரு பில் பாஸாகவே ரெண்டு வருஷம் ஆகுமேடா," என்றாள் அக்கா.

அசுலில் இறங்கியபோது மணி இரண்டு. ஊர் முழுக்க ஷட்டர் இறக்கியிருந்தது. மதியம் ஒரு மணியிலிருந்து நாலு, ஐந்து மணி வரை கடைகள் கிடையாது, மருந்துக்கடை உட்பட. விடுதி அம்மாள் கதவைத் திறந்து, பெயர் கேட்பதற்கு முன் எங்கள் இருவருக்கும் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து வரவேற்றார். இங்கே அது வணக்கம் சொல்வது போலத்தான். இருவர் தங்கும் அறை 60,000 பேசோ.

சாயங்காலம் சான் மார்தின் பிளாசாவுக்குப் போனோம். தரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக வளைந்து வளைந்து ஓடும் ஓடுகள். நடக்கும்போது தரை மேலெழும்பி அமிழ்வது போலத் தோன்றுகிறது. ஒரு குழந்தை தடுமாறித் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் விளக்குக் கம்பமும் பெஞ்சும் சலமோனே வரைந்தவைதான். ஒரு ஊர்ப் பிளாசாவின் பெஞ்சுக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாரே என்று அதில் உட்கார்ந்துகொண்டே நினைத்தேன். கான்கிரீட் பெஞ்ச்தான், ஆனால் முதுகு சாய்கிற இடத்தில் சரிவு சரியாக இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்: அசுல்

கல்லறைத் தோட்டத்தின் வாசலைப் படத்தில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். நேரில் அதன் முன்னால் நின்றபோது பேச்சு வரவில்லை. ஆர், ஐ, பி என்ற மூன்று எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு கட்டடம் அளவுக்கு. 'அமைதியில் இளைப்பாறுக' என்பதற்கான லத்தீன் சுருக்கம். உயரம் இருபது மீட்டருக்கும் மேல். எழுத்துகளுக்கு முன்னால் வாளை ஊன்றி நிற்கும் ஒரு தேவதூதன். முகம், தோள், சிறகு எல்லாம் பட்டை பட்டையாக வெட்டிய கோணங்கள். ஒரு இடத்தில்கூட வளைவின் மென்மை இல்லை. ஆறுதல் சொல்லும் முகம் இல்லை அது. உள்ளே போகிறவனைப் பார்த்து, இது விளையாட்டு இல்லை என்கிறது.

எதிரே பூ விற்கும் பெண்ணிடம் அக்கா பேச்சுக் கொடுத்தாள். அவருடைய அம்மாவும் அதே இடத்தில் பூ விற்றவராம். சின்ன வயதில் தேவதூதனைப் பார்த்துப் பயந்து, அம்மாவின் பின்பக்கம் ஒளிந்துகொண்டே கடைக்கு வருவாராம். "இப்போது அவர்தான் எனக்குத் துணை. காற்றைத் தடுக்கிறார்," என்றார். காற்று நிஜமாகவே பலமாக அடித்தது. கார்னேஷன் ஒரு கட்டு 4,000 பேசோ கொடுத்து வாங்கி, யாருடையது என்று தெரியாத ஒரு பழைய கல்லறையில் வைத்தோம். இத்தாலியப் பெயர்களும் பாஸ்குப் பெயர்களும் வரிசையாக. பாதிப் பேர் கடல் தாண்டி வந்து இறந்தவர்கள்.

தொழில் பார்வையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வாசல் வேலை வேகமாக முடிந்திருக்கிறது என்பதற்கான அடையாளங்கள் கிட்டே போனால் தெரிகின்றன. சென்ட்ரிங் பலகையின் தடங்கள் சில இடங்களில் பூச்சுக்குக் கீழே மெல்லத் தெரிகின்றன. சலமோனேயின் சாமர்த்தியம் கான்கிரீட்டைக் கல் மாதிரி காட்ட முயலாததுதான். கல்லில் செதுக்க வேண்டுமென்றால் தேர்ந்த சிற்பிகள் வேண்டும், வருடங்கள் வேண்டும். பலகையால் அடைத்து ஊற்றும் கான்கிரீட்டுக்கு நேர்க்கோடும் தட்டைப் பரப்பும் இயல்பாகவே வரும். அந்த இயல்பையே அவர் பாணியாக்கிக்கொண்டார். உள்ளூர் தச்சரும் கொத்தனாரும் போதும். ஒரே நேரத்தில் பல ஊர்களில் வேலை நடத்த இது இல்லாமல் முடிந்திருக்காது.

ஊருக்கு வெளியே பழைய இறைச்சிக்கூடம். நிமிர்த்தி நட்ட கத்தி அலகு போல ஒரு கோபுரம். அது வரை அந்த ஊர்ப்பக்கங்களில் மாடுகளைத் திறந்தவெளியில், மண் தரையில் அறுப்பது வழக்கமாக இருந்திருக்கிறது. ரத்தம் வடிய வாய்க்கால், கழுவத் தண்ணீர், மாட்டைத் தூக்கித் தொங்கவிட மேலே தண்டவாளம், பரிசோதிக்க ஒரு கால்நடை மருத்துவர் என்று ஒரு ஒழுங்கு இந்தக் கூடங்களோடுதான் வந்தது. ஆளுநர் ஃப்ரெஸ்கோ ஒரு மருத்துவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சில கூடங்களில் கோபுரத்துக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி. ஊரில் யாரும் எட்டிப் பார்க்க விரும்பாத இடத்துக்கு இப்படி ஒரு முகம் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அங்கே வேலை செய்தவர்கள் தினமும் இந்தக் கோபுரத்தின் கீழேதானே நுழைந்திருப்பார்கள். எனக்கு அசுலில் கல்லறையை விட இதுதான் மனதைத் தொட்டது.

இரவு எம்பனாதா (உள்ளே பூரணம் வைத்து மடித்த, சோமாசி மாதிரியான பலகாரம்). சோளம் வைத்தது நான்கு, மாட்டிறைச்சி வைத்தது நான்கு. ஒன்று 1,500 பேசோ. சோளம் வைத்ததற்கு 'உமிதா' என்று பெயர். லேசான இனிப்பும் பாலாடைக்கட்டியுமாக அருமையாக இருந்தது.

மார்ச் 21, வெள்ளி: லப்ரிதா, டயர், பிரிங்லெஸ்

லப்ரிதா கல்லறையை ஊர் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டோம். முதலில் அடிவானத்தில் ஒரு கோடு. கொஞ்ச நேரத்தில் அது சிலுவை ஆனது. இன்னும் கிட்டே போனதும் சிலுவையில் கிறிஸ்து. முப்பது மீட்டருக்கும் மேல் உயரம். மலையே இல்லாத ஊரில் மனிதன் செய்துகொண்ட உச்சி.

காவலாளி அறுபது வயதுக்காரர், மாத்தே குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒன்றும் கேட்காமலேயே குவளையை நீட்டினார். ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல். அவர் குடித்த பிறகு அக்கா, பிறகு நான். வெந்நீரும் இலையும் மட்டும், சர்க்கரை கிடையாது. நன்றாகவே கசந்தது. சிலுவையின் நிழல் காலையில் எந்தக் கல்லறைகள் மேல் விழும், மாலையில் எங்கே விழும் என்று நடந்து நடந்து காட்டினார். மழைநீர் எந்தப் பக்கம் இறங்கிக் கறை பிடிக்கிறது, எங்கே காரை பெயர்ந்து பூசினார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் பொறியாளர் என்று அக்கா சொன்னதும் என் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஒரு விரிசலைக் காட்டி, இது ஆபத்தா என்று கேட்டார். பூச்சில் மட்டும் ஓடும் வெடிப்பு, பயப்பட வேண்டியதில்லை என்றேன். அவ்வளவு நிம்மதி அந்த முகத்தில்.

லப்ரிதாவை விட்டு அரை மணி நேரத்தில் பின் டயர் போனது. ஸ்டெப்னி மாட்டினோம். அதிலும் காற்று பாதிதான் இருந்தது. தூறல் வேறு. எதிரே வந்த பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் கேட்காமலேயே நிறுத்தி இறங்கினார். வந்தவர், போகிறவர் எல்லாரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லும் சாலை இது. நின்றுபோன வண்டியைத் தாண்டிப் போவது இங்கே வழக்கமே இல்லையாம். மெதுவாகப் பின்னால் வாருங்கள் என்று அடுத்த சின்ன ஊரின் பஞ்சர் கடை வரை கூட்டிப்போய் விட்டார். கடை பூட்டியிருந்தது. மணி ஒன்றே கால். நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.

கடைக்குப் பின்னால்தான் கடைக்காரரின் வீடு. அவருடைய அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். மகன் தூங்குகிறான், எழுப்ப மாட்டேன், ஆனால் நீங்கள் மழையில் நிற்க வேண்டாம் என்றார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் தோர்தா ஃப்ரிதா சுடுவது இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு நடக்கிற விஷயம். மாவைப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு எண்ணெயில் பொரித்து, மேலே சர்க்கரை தூவுகிறார்கள். மழை நாளில் நம் வீடுகளில் பஜ்ஜிக்கு எழும் அதே ஆசை. நான் ஐந்து சாப்பிட்டேன். கிழவி ஆறாவதைத் தட்டில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அதையும் சாப்பிட்டேன்.

சரியாக நாலு மணிக்கு மகன் வந்தார். முக்கால் மணி நேர வேலை, 8,000 பேசோ. பலகாரத்துக்குக் காசு கொடுக்க அக்கா பர்ஸைத் திறந்ததும் அந்த அம்மாள் முகம் சுருங்கிவிட்டது. அக்கா சட்டென்று பர்ஸை மூடிவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

கொரோனெல் பிரிங்லெஸ் போய்ச் சேர இருட்டத் தொடங்கிவிட்டது. அலுவலக நேரம் மதியத்தோடு முடிந்திருந்தது. இங்கே நகராட்சிக் கட்டடம் பிளாசாவின் நடுவிலேயே நிற்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். வெள்ளைக் கோபுரம், அடுக்கடுக்காக மேலே குறுகிப் போகிறது. பார்த்துக்கொண்டே நின்ற எங்களை இரவுக் காவலர் கூப்பிட்டு, முன் கூடத்தை மட்டும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார். உள்ளே விளக்கு, மரவேலை, நாற்காலி எல்லாம் சலமோனே வரைந்தபடியே. வரி கட்ட வரும் விவசாயி உட்காரும் நாற்காலி அது. எண்பது வருடத்துக்கு மேலாகியும் கால் ஆடவில்லை.

மார்ச் 22, சனி: சல்துங்கராய்

பிரிங்லெஸ் தாண்டியதும் நிலம் முதல் முறையாக எழும்பியது. பென்தானா மலைத்தொடர். காற்றில் குளிர், காலையில் எட்டு டிகிரி.

சல்துங்கராய் ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். அதன் கல்லறை வாசலில் ஒரு ராட்சதச் சக்கரம். மூன்று மாடிக்கு மேல் உயரம் இருக்கும். நடுவில் கிறிஸ்துவின் தலை மட்டும், முள்முடியோடு. உடல் கிடையாது. பின்னால் சிலுவை. அக்கா ரொம்ப நேரம் காரை விட்டு இறங்கவில்லை. "எனக்கு இது வேண்டாம்டா, பார்க்கவே என்னமோ பண்ணுது," என்றாள். எனக்கோ அங்கிருந்து நகர மனசு வரவில்லை. அசுலின் தேவதூதன் மிரட்டுகிறான். லப்ரிதாவின் சிலுவை வானத்தைக் காட்டுகிறது. இந்தத் தலை வலியை மட்டும் காட்டுகிறது. துக்கத்தோடு வருகிறவர்களின் கண்ணுக்கு நேராக ஒரு வலி நிறைந்த முகம். சலமோனே செய்ததிலேயே துணிச்சலானது இதுதான் என்று நினைக்கிறேன்.

பக்கத்தில் அவரைப் பற்றிய சின்ன விளக்க மையம் இருக்கிறது. சொந்த நாட்டின் கட்டடக்கலைக்காரர்களே அவரைப் பல பத்தாண்டுகளாகக் கண்டுகொள்ளவில்லை என்பது இங்கே எனக்கு உறைத்தது. கடந்த நூற்றாண்டின் கடைசியில்தான் புகைப்படக்காரர்களும் ஆய்வாளர்களும் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர் பெரும்பாலும் வேலை செய்தது தலைநகரிலிருந்து பல மணி நேரம் தள்ளி இருந்த ஊர்களில். யார் வந்து பார்ப்பது?

தோர்ன்கிஸ்ட் ஊரின் நகராட்சிக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு அங்கேயே மதியச் சாப்பாடு. புரோவோலேத்தா என்று பாலாடைக்கட்டியைத் தணலில் சுட்டுக் கொடுத்தார்கள், பிறகு ஒரு மிலனேசாவை (ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சித் துண்டு) இருவரும் பங்கிட்டுக்கொண்டோம். எல்லாம் சேர்த்து 26,000 பேசோ.

கர்வே போய்ச் சேர்ந்தபோது ஒரு விடுதியிலும் இடமில்லை. 24ஆம் தேதி திங்கட்கிழமை தேசிய விடுமுறை. 1976இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாள் அது; அந்த ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களை நினைக்கும் நாள். தொடர்ந்து மூன்று நாள் லீவு, கர்வேயோ உப்பு நீர்க் குளியலுக்குப் பேர்போன ஊர். கைவசம் இருந்த முன்பதிவும் இரட்டைப் பதிவாகிவிட்டது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அக்கா கோபத்தில் தமிழிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள். வரவேற்பில் இருந்த பெண் ஒரு வார்த்தையும் புரியாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, தன் அத்தைக்குப் போன் போட்டார். அத்தை வீட்டுப் பின்னறை, 45,000 பேசோ, காலையில் வீட்டு ஜாமோடு ரொட்டி. நன்றாகத் தூங்கினோம்.

மார்ச் 23, ஞாயிறு: எபெக்வென்

கர்வேயிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் எபெக்வென் என்ற ஊர் இருந்தது. 1920களில் தொடங்கிய ஏரிக்கரைச் சுற்றுலா ஊர். இந்த ஏரியின் உப்பை சாக்கடலோடு ஒப்பிடுவார்கள். மூட்டுவலிக்காரர்கள் நாடெங்கிலும் இருந்து ரயிலேறி வந்தார்கள். ஏரித்தொடரில் கடைசியும் தாழ்ந்ததும் இதுதான். வந்த தண்ணீர் வெளியேற வழி கிடையாது. வறண்ட காலத்தில் ஏரி வற்றாமல் இருக்க 1970களில் ஒரு கால்வாய் வெட்டி நீரைத் திருப்பிவிட்டார்கள். பிறகு மழை அதிகமான வருடங்கள் வந்தன. நீர்வரத்தைக் கட்டுப்படுத்தும் மீதி வேலைகள் முடியவில்லை. கரையை உயர்த்திக்கொண்டே போனார்கள். 1985 நவம்பர் 10ஆம் தேதி கரை உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் ஊர் மொத்தமாக மூழ்கியது. பல வருடங்கள் உப்புத் தண்ணீருக்கு அடியில் கிடந்து, நீர் வடிந்த பிறகு எலும்புக்கூடாக வெளியே வந்திருக்கிறது.

நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு தெருக்களில் நடந்தோம். மரங்கள் வெள்ளையாக, இலையில்லாமல் நிற்கின்றன. குளியலறை ஓடுகள், ஒரு கட்டில் சட்டம், படிக்கட்டு மட்டும். எங்களோடு நடந்த ஒரு குடும்பத்தில் பாட்டி ஒரு இடத்தில் நின்று, இங்கேதான் எங்கள் ஓட்டல் வாசல் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். பிள்ளைகள் அந்த இடத்தில் ஒழுங்காக வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஊருக்கு வரும் வழியில் சலமோனேயின் இறைச்சிக்கூடம். கோபுரத்தில் 'மதாதெரோ' (ஸ்பானிஷில் இறைச்சிக்கூடம்) என்ற எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பியைக் காக்கும் மெல்லிய படலம் போய்விடும். துரு பிடித்த கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பாடத்தில் படித்த அது அத்தனையும் இங்கே சுவர் சுவராக நடந்திருக்கிறது. சில தூண்களில் கம்பி முழுக்க வெளியே. ஆனாலும் கோபுரம் சாயவில்லை. சுற்றியிருந்த ஊரின் செங்கல் சுவர்கள் விழுந்துவிட்டன, அவசரமாகக் கட்டியதாகச் சொல்லப்படும் மாட்டுக்கூடம் நிற்கிறது. இதை யாராவது பராமரிக்க வேண்டும். இன்னும் இருபது வருடம் இப்படியே விட்டால் அந்த எழுத்துகள் கீழே வந்துவிடும் என்பது என் கணிப்பு. சொல்லும்போதே வருத்தமாக இருக்கிறது.

கர்வே நகராட்சிக் கோபுரத்தின் எதிரே பிளாசாவில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடும்போது அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அந்த ஃப்ரெஸ்கோ முசோலினியைப் புகழ்ந்தவன்னு சொன்னியே. அவன் காசுல கட்டினது தானே இதெல்லாம்?"

உண்மைதான். ஃப்ரெஸ்கோ ஆட்சிக்கு வந்த 1935 தேர்தலில் மோசடி வெளிப்படையாகவே நடந்தது. ஓட்டை எல்லார் முன்னிலையிலும் சத்தமாகச் சொல்லிப் போட வேண்டும் என்று வாதாடியவர் அவர். இந்தக் கோபுரங்கள் சர்ச் கோபுரங்களை விட உயரமாக எழும்பியதற்கு அழகு மட்டும் காரணமல்ல. அரசாங்கம் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சமவெளிக்குச் சொல்லவும்தான். அதை மறைத்துவிட்டு சலமோனேயைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் ஃப்ரெஸ்கோவை 1940 மார்ச்சில் மத்திய அரசு நீக்கிவிட்டது. பிளாசா இருக்கிறது. பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசல்கள் வழியாகத்தான் நாலு தலைமுறை தங்கள் இறந்தவர்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. கட்டடத்தின் சொந்தக்காரர்கள் அவர்கள் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கோபுரத்தைக் கொஞ்சம் சின்னதாகக் கட்டி மீதிப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாம் என்றாள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

மார்ச் 24, திங்கள்: குவாமினி, திரும்பும் வழி

குவாமினி கர்வேயிலிருந்து நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. விடுமுறை என்பதால் நகராட்சி பூட்டியிருந்தது, பிளாசாவில் சிலர் பூங்கொத்தோடு கூடியிருந்தார்கள். கோபுரத்தையும் ஏரியோரத்து இறைச்சிக்கூடத்தையும் பார்த்தோம். இங்கே பழைய கூடம் எபெக்வெனில் இருப்பதை விட நல்ல நிலையில் இருக்கிறது; கோடுகள் கூர்மையாக, வெயிலில் பளிச்சென்று.

அங்கிருந்து தலைநகருக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். லீவு முடிந்து திரும்பும் கார்கள் எல்லாம் எங்களோடு. கடைசி நூறு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆனது. டோல்கேட்டில் நிற்கும்போது பக்கத்துக் கார்க்காரர் ஜன்னல் வழியாக பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார், எடுத்துக்கொண்டோம்.

சலமோனேயின் பிந்தைய வருடங்களை அக்கா இந்த நெரிசலில் கேட்டாள். ஃப்ரெஸ்கோ போனதோடு அந்த வேலைகளும் நின்றன. தூகுமான் மாகாணத்தில் எடுத்த சாலை ஒப்பந்தம் ஒன்று வழக்கானது, 1943இல் உருகுவேக்குப் போய் இருந்தார். வழக்கிலிருந்து விடுபட்டுத் திரும்பியவர் புவனோஸ் அயர்ஸில் சில அடுக்குமாடி வீடுகள் கட்டினார். தேவதூதனும் சக்கரமும் இல்லாத, அமைதியான கட்டடங்கள். 1959இல் இறந்தபோது வயது 62. கட்டடக்கலை உலகம் கவனிக்கவில்லை.

ரௌச், பால்கார்சே, கொன்சாலெஸ் சாவேஸ், பெயெக்ரினி, அல்பெர்தி என்று இன்னும் பல ஊர்கள் பாக்கி. பால்கார்சேயில் கல்லறை வாசலும் இறைச்சிக்கூடமும் இரண்டுமே இருக்கின்றன. அக்காவுக்கு அடுத்த லீவு ஜூனில். அப்போது அங்கே குளிர்காலம். நல்ல ஸ்டெப்னியோடு வாடகைக் கார் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.